தார்ப்பாய்க்குள் தூங்கும் கார்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கிராமத்துக் கொட்டகைகளில் எட்டிப் பார்த்தால், சில வீடுகளில் தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று நிற்கும். கேட்டால், ‘அப்பா வாங்கின அம்பாசடர். சரி பண்ணணும்’ என்பார்கள். எப்போது ஆரம்பித்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. முகம் வாடிவிடும்.

பழைய காரைப் பழுது பார்ப்பதில் நட்டு, போல்ட்டைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பது நம் மனசுதான். முதல் மாதம் உற்சாகம். ஒரே வாரத்தில் மொத்தக் காரையும் பிரித்துப் போட்டுவிடுவோம். ஆறாம் மாதம் எந்த போல்ட் எந்த ஓட்டைக்கு என்றே தெரியாது. அதன் பிறகு கொட்டகைப் பக்கம் போகவே கால் வராது.

திருச்சுழி பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு இதுதான் நடந்தது. மூன்று வருஷம் பென்ஷன் பணம் போனது. நான்காம் வருஷம் வேலை அப்படியே நின்றது. ஒருநாள் அவர் மனைவி கேட்டார்: “ஏங்க, இது ஓடுமா ஓடாதா? ஓடாதுன்னா காயலான் கடைக்குப் போட்டுருங்க. அந்த எடத்துல நாலு ஆடாவது கட்டலாம்.”

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. வீட்டுப் பணம் போகிறதென்றால் வீட்டில் எல்லோருக்கும் கேட்க உரிமை உண்டு. இருவரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். மாதம் இவ்வளவுதான் செலவு. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலையைத் தொடக் கூடாது. முதல் மாதம் ஹாரனும் ஹெட்லைட்டும். பேரன் ஹாரனை அமுக்கி அமுக்கித் தெருவையே கூட்டிவிட்டான். செத்துக் கிடந்த கார் அன்றைக்குத்தான் வீட்டில் ஓர் ஆளானது.

அருப்புக்கோட்டை நெசவாளருக்கு இந்தச் சூட்சுமம் தெரியும். பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த இழையைப் பார்ப்பார். சேலை எப்போது முடியும் என்று மலைத்து உட்கார மாட்டார். இன்றைக்கு எத்தனை முழம் என்பதுதான் அவர் கணக்கு.

நீங்களும் அப்படிச் செய்யலாம். பிரேக், பெட்ரோல் டேங்க், வயரிங் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். கழற்றும் முன் கைபேசியில் படம் எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனிக் கவரில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இரண்டு வருஷம் இடைவெளி விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இன்ஜின் சத்தத்தைச் சீக்கிரம் கேட்டுவிடுங்கள். அதைப் போல் தெம்பு வேறில்லை. ஆனால் பல வருஷம் நின்ற இன்ஜினைச் சாவி போட்டு உடனே முடுக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். பழைய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரை அடைக்கும். டேங்கைக் கழுவிவிட்டுப் புதிது ஊற்றுங்கள்.

நம் வறண்ட பூமியில் கடற்கரை ஊர் அளவுக்குத் துரு இல்லை என்பது ஆறுதல். அதற்குப் பதில் வெயில் ரப்பரை வெடிக்க வைக்கும், எலி வயரைக் கடிக்கும். ஐப்பசி மழையில் கரிசல் மண்ணின் ஈரம் காரின் அடிவயிற்றில் ஏறும். வெறும் மண்ணில் நிறுத்தாமல் சிமென்ட் தரையிலோ கல் பாவிய இடத்திலோ நிறுத்துங்கள். ஆடிக் காற்றில் பெயின்ட் அடித்தால் புழுதியும் சேர்ந்து ஒட்டும். அதைத் தை, மாசிக்கு வையுங்கள்.

அம்பாசடருக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது. உடம்பேதான் எலும்பு. தரைத் தகடு துருப்பிடித்திருந்தால் பட்டி பூசி மறைக்காதீர்கள். நல்ல டிங்கரிடம் கொடுத்து வெட்டி வெல்டிங் வையுங்கள். இது அழகுக்காக அல்ல, உள்ளே உட்காரும் உயிருக்காக.

காகிதத்தையும் மறக்க வேண்டாம். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றும் வேலையை முதலில் பாருங்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய கார், பைக்குகளை ‘வின்டேஜ்’ வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். ‘பழைய இன்ஜின் எதற்கு, புதுசு வைத்துவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவில் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டவும் முடியாது.

மனசு சோர்ந்தால் பெரம்பூரை நினையுங்கள். 1855-இல் இங்கிலாந்திலிருந்து வந்த இ.ஐ.ஆர்-21 என்ற நீராவி இன்ஜின் 1909-இல் ஓய்வு பெற்றது. நூறு வருஷத்துக்கும் மேல் வெறும் காட்சிப் பொருளாக நின்றது. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் தொழிலாளர்கள் அதைப் பிழைக்க வைத்தார்கள். 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓடியது. உங்கள் அம்பாசடர் அதற்குப் பேத்தி மாதிரி. விடுமுறையில் கோவை போனால் பிள்ளைகளோடு அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்தையும் பார்த்து வாருங்கள். பிள்ளைகளே உங்களைக் கொட்டகைக்கு இழுத்துப் போவார்கள்.

எல்லாம் பார்த்தும் முடியவில்லையா? கடன் வாங்கித்தான் தொடர வேண்டும் என்றாலோ, வீட்டில் தினம் சண்டை என்றாலோ, சரி பண்ணி ஓட்டுகிற ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அது தோல்வி இல்லை. தார்ப்பாய்க்குள் மக்கிப்போவதைவிட, யாரோ ஒருவர் கையில் அப்பாவின் கார் ஓடுவது மேல்.

வாத்தியாரின் காருக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. ஆனால் இன்ஜின் ஓடுகிறது. பின் சீட்டு மெத்தைக்கு என்ன கலர் துணி போடுவது என்று முடிவு செய்யும் பொறுப்பு இப்போது அவர் மனைவி கையில்!