ஒரு ஊசி போட்டுட்டுப் போறவர்

மதுராந்தகம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஆஸ்பத்திரி பேச்சு வந்தால் யாராவது கேட்டுவிடுவார்: "ஆபரேஷன் பண்ணவருக்குக் கொடுக்கலாம், சரி. ஒரு ஊசி போட்டுட்டுப் போறவருக்கு எதுக்குய்யா துட்டு?" எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அந்த மயக்க டாக்டர் எங்கே போகிறார்? தூங்கவைக்கச் சில நிமிடம்தான். தூங்குகிறவரின் மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பிடித்து வைத்திருப்பது மிச்ச நேரம் முழுக்க.

ஜிஎஸ்டி ரோட்டில் அடிபட்டு, ரத்தம் நிறையப் போய் வருகிறவருக்குக் கையில் நரம்பே கிடைக்காது. (நரம்பு என்று நாம் சொல்வது ரத்தக்குழாயைத்தான்.) "கழுத்துல லைன் போட்டிருக்காங்க" என்கிறோமே, அது பல நேரம் மயக்க டாக்டரின் கைவேலை. தலையைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பி, ஸ்கேனில் பார்த்தபடி ஊசியை இறக்குவார். ஒட்டினாற்போல் மூளைக்குப் போகும் தமனி. கொஞ்சம் கீழே நுரையீரலின் நுனி. ஊசி வழியாக மெல்லிய கம்பி. அது கூடுதலாகப் போய் இதயத்தைத் தொட்டால் மானிட்டரில் துடிப்பு இடறும். உடனே பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்புறம்தான் கம்பி மேல் குழாய், தையல், எக்ஸ்ரே.

அமெரிக்க பில்லில், 5 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு இந்த லைனைப் போட்டால் 36556 என்று தனி எண். மயக்கத்துக்கு 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட் என்று வேறு கணக்கு. அந்த ஊர் பில் நமக்கு வேண்டாம், சாமி. ஆனால் அதில் வேலை கண்ணுக்குத் தெரிகிறது. நம் முதலமைச்சர் காப்பீட்டில் படுக்கை, மருந்து, சர்ஜன், மயக்க டாக்டர் எல்லாம் ஒரே பேக்கேஜ். 2021 டிசம்பர் 18-ல் பக்கத்து மேல்மருவத்தூரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்திலும் விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 81 சிகிச்சை முறைகள் அதில் உண்டு.

பேக்கேஜுக்கு உள்ளே இருப்பது தெரியாததால்தான் வெளியே கேட்டால் கொடுத்துவிடுகிறோம். என் சொந்தக்காரர் ஒருவரிடம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கவுன்டரில், "மயக்க டாக்டர் வெளியிலிருந்து வர்றார், காப்பீட்டுல வராது" என்றார்கள். மோதிரத்தை அடகு வைத்துக் கட்டினார். காப்பீட்டு உதவி எண் 1800 425 3993-க்கு ஒரு போன் போட்டிருக்கலாம், தோன்றவில்லை. இன்றுவரை அவர் திட்டுவது அந்த 'ஊசிக்காரரை'. கவுன்டர்மேல் கோபமே இல்லை.

"ரசீது கொடுத்தாங்களா மாமா?" என்று கேட்டேன்.

"துண்டுச்சீட்டுல எழுதிக் காட்டுனாங்கப்பா. கட்டினதும் அதையும் வாங்கிக்கிட்டாங்க."