35 மதிப்பெண் குலக்கல்வி



பத்தாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசியில் வடிவியல், வரைபடம் என்று எட்டெட்டு மதிப்பெண்ணுக்கு இரண்டு வினாக்கள்; அது 16. ஆக மொத்தம் 30. இன்னும் ஒரே ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கை உருப்போட்டு எழுதிவிட்டால் 35. பாஸ்.

இந்தக் கூட்டல் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். அதனால்தான் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகிறது. பெயர், 'மெல்லக் கற்போர்'. பட்டியலில் இருக்கும் பிள்ளைகளின் கையில் 'மினிமம் மெட்டீரியல்' என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுக்கப்படுகிறது. கணக்கில் ஒரு மார்க்கும் கிராஃபும். அறிவியலில் படம் வரைந்து பாகம் குறிப்பது. சமூக அறிவியலில் மேப்பும் காலக்கோடும். தமிழில் எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை. பாடப் புத்தகத்தில் 'உயர் சிந்தனை வினாக்கள்' என்று ஒரு பகுதி இருக்கிறதே, அது இந்தக் கட்டில் இருக்காது. உயர் சிந்தனை இவர்களுக்கு எதற்கு என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

அந்தப் பட்டியலில் இருப்பது யார்? நாங்கள் மாலைப் படிப்பகம் நடத்தும் சேரிகளில், அதில் ஒரு பிள்ளைகூட இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், அரை நாள் அப்பன் தொழில் என்றார். தமிழ்நாடு கொதித்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தது. 1954இல் அந்தத் திட்டம் ஒழிந்தது. இன்று நம் பிள்ளைகள் முழு நாளும் பள்ளியில்தான் இருக்கிறார்கள். ஆனால் யோசிக்கும் வேலை ஒரு கூட்டத்துக்கு, பார்த்து எழுதும் வேலை இன்னொரு கூட்டத்துக்கு என்ற பங்கீடு அப்படியே இருக்கிறது. சாதி என்பதே வேலைப் பங்கீடு என்ற பெயரில் மனிதரைப் பங்குபோட்டதுதானே. அதை வகுப்பறைக்குள் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தால் அதற்குப் பெயர் கருணையா?

எழுதக் கற்பிப்பது தமிழாசிரியர் வேலை, கணக்குப் போடக் கற்பிப்பது கணக்கு வாத்தியார் வேலை என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். இங்கிலாந்தில் 1975இல் வெளியான புல்லக் குழு அறிக்கை, மொழியை வளர்க்கும் பொறுப்பு எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் உண்டு என்று சொன்னது. கணித மேதை ஜார்ஜ் போல்யா 1945இல் எழுதிய நூலில் ஒரு கணக்கைத் தீர்க்க நான்கு படிகளைச் சொன்னார்: கேட்டதைப் புரிந்துகொள், வழியைத் திட்டமிடு, செய்து பார், திரும்பிப் பார்த்துச் சரிபார். இந்த நான்கு படிகளும் நிலத் தகராறுக்கும் பொருந்தும், சாக்கடைச் சாவுக்கும் பொருந்தும். நம் நாட்டிலும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 29இல், பிள்ளைகள் செய்து பார்த்தும் தேடிக் கண்டறிந்தும் கற்க வேண்டும் என்கிறது. எட்டாம் வகுப்பு வரை அது சட்டம். அப்படிக் கற்று வந்த பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் மினிமம் மெட்டீரியல் எதற்கு?

உதாரணம் சொல்கிறோம்.

பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் நாற்கரத்தின் பரப்பு காண்பது பாடம். நம் தெருவில் பலர் வீட்டில் 3 சென்ட் பட்டா இருக்கிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 3 சென்ட் 1306.8 சதுர அடி. டேப்பை எடுத்து மனையை அளந்தால் 40க்கு 30தான் வருகிறது என்று வையுங்கள். 1200 சதுர அடி. மீதி 106.8 சதுர அடி எங்கே போனது? இது கணக்குப் பாடம். யார் வேலி நகர்ந்திருக்கிறது என்று புலப்படத்தோடு ஒப்பிடுவது சமூக அறிவியல். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையையும் 1892இல் பஞ்சமி நிலம் பிறந்த கதையையும் அங்கேதான் சொல்ல வேண்டும். பிறகு வட்டாட்சியருக்கு ஒரு பக்க மனு. அது தமிழ்ப் பாடம். ஒரே கேள்வி, மூன்று பீரியடு. அந்தப் பிள்ளைக்கு இனி நாற்கரத்தின் சூத்திரம் மறக்குமா?

இன்னொன்று. மலக்குழிக்குள் இறங்கிய முதல் ஆள் மயங்கி விழுகிறார். காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் செத்துப் போகிறார். ஏன்? செய்தித்தாள் 'விஷவாயு தாக்கி' என்று எழுதி முடித்துக்கொள்கிறது. அறிவியல் வகுப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு நிறை 34. காற்றின் சராசரி ஏறக்குறைய 29. ஆகவே அது கனமானது, அடியில் தங்கும். அளவு கூடினால் மோப்ப உணர்வையே மரத்துப் போகச் செய்யும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவருக்கு எச்சரிக்கையே கிடைக்காது. மூலக்கூறு நிறை பத்தாம் வகுப்புப் பாடம்தான். இதைச் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அடுத்த பீரியடில் 2013ஆம் ஆண்டுத் தடைச் சட்டம். உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றும் 2023இல் 30 லட்சம் என்றும் சொன்ன இழப்பீடு. சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லையே, ஏன் என்று இன்னொரு பக்கம். எந்தக் கையேட்டிலும் விடை இல்லாத கேள்வி அது.

இதைச் சொன்னால் மூன்று பதில்கள் வருகின்றன.

ஒன்று: "முதலில் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும், அப்புறம் யோசிக்கட்டும்." எட்டு வருடமாகப் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை என்றால், அந்த எட்டு வருடமும் பார்த்து எழுதத்தானே வைத்தீர்கள்? சொல்ல ஒரு விஷயம் இருப்பவர்தான் எழுதக் கற்றுக்கொள்வார். சொல்ல வந்ததையும் 'கொச்சை' என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டால் அடுத்த வரி எப்படி வரும்? தெருவில் பேசும் தமிழில் முதல் வரைவை எழுதட்டும். பரீட்சைத் தமிழுக்கு இரண்டாவது வரைவில் மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டு: "போர்ஷன் முடிக்க வேண்டும், நேரமில்லை." ஆசிரியர் பற்றாக்குறையும் பதிவேட்டு வேலைகளும் உண்மை. அதற்காக அவர்களோடு சேர்ந்து போராடவும் தயார். ஆனால் ஒரே ஐந்து மதிப்பெண் கணக்கை இருபது முறை இம்போசிஷன் எழுத வைக்க நேரம் இருக்கிறதே? அந்த நேரத்தில் பாதி போதும்.

மூன்றாவது நம் ஆட்களிடமிருந்தே வருகிறது: "மார்க்தான் நமக்கு ஆயுதம். எங்கள் பிள்ளைகளை வைத்துப் பரிசோதனை செய்யாதீர்கள்." இந்தக் கோபத்தை மதிக்கிறோம். மார்க் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 35 போதும் என்று சொல்கிறவர்களைத்தான் எதிர்க்கிறோம். 35 எடுத்த பிள்ளைக்குப் பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் கிடைக்கிறது? கல்லூரி முதல் வருடத்தில் யாருடைய பெயருக்கு எதிரே அரியர் விழுகிறது? அப்போது 'கோட்டாவில் வந்தவன்' என்று சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்புக்கான ஏற்பாட்டைப் பத்தாம் வகுப்பிலேயே செய்துவிடுகிறார்கள்.

நம் வரலாறு வேறு மாதிரி. 1855இல் பூனாவில் பூலே தம்பதியரின் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தாபாய், மாங், மகர் மக்களின் துயரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். வயது 14. அது 'ஞானோதயா' இதழில் அச்சானது. பள்ளிக்கு வந்து சில ஆண்டுகளே ஆன பிள்ளை, மதத்தையும் ஆதிக்கத்தையும் கேள்வி கேட்டது. அவரை யாராவது மெல்லக் கற்போர் பட்டியலில் வைத்திருந்தால் அந்தக் கட்டுரை நமக்குக் கிடைத்திருக்குமா? இங்கே ரெட்டமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழையும், அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். அம்பேத்கர் 1923இல் ரூபாயின் பிரச்சினையை ஆராய்ந்து நூல் எழுதினார். பிரச்சினையை நாமே வரையறுத்து நாமே எழுதிய மரபு இது.

ஆகவே படிப்பகம் நடத்தும் தோழர்கள் மூன்று வேலைகளை இந்த மாதமே தொடங்குங்கள். எந்தப் பாடமானாலும் கடைசிப் பத்து நிமிடம், இன்று எது புரிந்தது, எது புரியவில்லை, ஏன் என்று பிள்ளைகள் எழுதட்டும். மாதம் ஒரு ஊர்ப் பிரச்சினையை எடுத்து எல்லாப் பாடங்களின் வழியாகவும் தீர்க்கட்டும். தெருக்குழாய், சுடுகாட்டுப் பாதை, விடுதிச் சாப்பாடு எதுவாகவும் இருக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் அம்மாக்கள், மெல்லக் கற்போர் பட்டியல் எந்த அளவுகோலில் போடப்படுகிறது, அதிலிருந்து வெளியே வர என்ன வழி என்று கூட்டத்தில் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். பதில் வரவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அந்த மனுவைப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

ஜெய் பீம்!