எழுத்து முடக்கம் என்னும் புது நோய்

நம் எழுத்தாள நண்பர்களிடையே அண்மைக் காலமாக ஒரு புது நோய் பரவி வருகிறது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, உணவு நன்றாகச் செல்கிறது, உறக்கமும் குறைவின்றி வருகிறது. கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசவும், பிறர் எழுதியதைக் குறை கூறவும் உடம்பில் வலிவு இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் மட்டும் கை ஓடுவதில்லையாம். "என்ன ஐயா, கட்டுரை தருவதாகச் சொல்லி மூன்று மாதம் ஆயிற்றே?" என்று கேட்டால், "எழுத்து முடக்கம் ஏற்பட்டுவிட்டது, என் வசத்தில் ஒன்றும் இல்லை" என்று விடை வருகிறது. கேட்டவரும், இழவு வீட்டுக்குப் போனவரைப் போல முகம் வாடி, "பாவம்!" என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்.

இப்படி ஒரு நோய் உண்மையிலேயே உண்டா? உண்டெனில் அதற்கு மருந்து என்ன? இல்லையெனில், அதன் பெயரைச் சொல்லிச் சொல்லி நாம் இழந்து வருவது எது? இவற்றை ஒளிவு மறைவின்றி ஆராய்வதே இங்கு நம் நோக்கம். நாம் கூறப்போவது நண்பர் சிலருக்குக் கசக்கக்கூடும். கசப்புக்கு அஞ்சி வேம்பை விலக்குவது அறிவுடையார் செயலன்று.

முதற்கண் பெயரின் வரலாற்றைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இந்நோய்க்குரிய பெயர் 1947-ஆம் ஆண்டளவில் எட்மண்ட் பெர்க்லர் என்னும் உளப்பகுப்பாய்வு மருத்துவரால் புழக்கத்திற்கு வந்தது என்பர். அவர் வியன்னா நகரிலிருந்து அமெரிக்கா சென்று நியூயார்க்கில் தொழில் நடத்தியவர். குழந்தைப் பருவத்தில் தாய் தனக்குப் பால் மறுத்தாள் என்று உள்ளத்தின் அடியில் படிந்த குறையே, வளர்ந்தபின் எழுத்தாளனைத் தன்னைத் தானே வருத்திக்கொள்ளச் செய்கிறது என்பது அவர் கண்ட காரணம். இக்காரணத்தை இன்று ஏற்பவர் அரியர். காரணம் உதிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் கடல் கடந்து வந்து நம் நண்பர்களின் நாவில் குடியேறியிருக்கிறது.

பெயர்தான் புதிது, எண்ணமோ மிகப் பழையது. காளி நாவில் எழுதியதனால் காளிதாசன் கவியானான் என்னும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாணியின் கடாட்சம் இருந்தால் பாட்டு வரும். இல்லாவிடில் வாராது என்று நம் முன்னோர் கூறினர். அருள் வந்தவன் ஆடுவான். சாமி மலையேறிவிட்டால் அவன் திண்ணையில் படுத்துக்கொள்வான். சாமியாடியிடம் போய், "ஏன் இன்று ஆடவில்லை?" என்று எவரேனும் கேட்பதுண்டா? அன்று வாணி மலையேறினாள். இன்று 'மனநிலை' மலையேறுகிறது. பகுத்தறிவு பேசும் எழுத்தாளர்களும், மற்றெல்லா மூடநம்பிக்கைகளையும் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் எழுதும் மேசைமேல் வைத்துப் பூசிப்பது நமக்குப் பெருவியப்பை அளிக்கிறது.

தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஒரு நாளேனும் கங்காணியிடம், "இன்று எனக்குச் சீவ வரவில்லை" என்று சொல்லியிருப்பார்களா? சொல்லியிருந்தால் அன்றையப் பேர் விழுந்திருக்குமா? மழை பெய்தால் மரஞ்சீவ முடியாது. அது மெய்யான தடை. ஓய்வின்றிச் சீவினால் மரம் பால் வற்றிப்போகும், அதுவும் மெய். ஆகவேதான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீவும் முறை ஏற்பட்டது. மழை எது, மரத்தின் வறட்சி எது, சீவுபவரின் சோம்பல் எது என்று பிரித்தறியத் தோட்டத்திலிருந்த அனைவருக்கும் தெரிந்திருந்தது. அப்பகுத்தறிவைத்தான் எழுத்துத் தொழிலுக்கும் கொண்டுவரும்படி நாம் வேண்டுகிறோம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. "பேரறிஞர்களும் இந்நோய்க்கு ஆளாகவில்லையா?" என்று கேட்பர். ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜை முதற்சான்றாகக் காட்டுவர். கனவில் கண்ட நெடும்பாட்டைத் தாம் எழுதிக்கொண்டிருந்தபோது, அயலூரிலிருந்து ஒருவர் அலுவலாக வந்து அதனைக் கெடுத்துவிட்டார் என்று 1816-இல் அவர் 'கூப்ளா கான்' பாட்டுக்கு முன்னுரை எழுதினார். வந்தவரைப் பழிக்கும் உலகம், கோல்ரிட்ஜை ஆண்டுக்கணக்காக அடிமைகொண்டிருந்த அபினைப் பழிக்க மறந்துவிடுகிறது. அன்றியும், கவிதை வற்றிவிட்டது என்று புலம்பிய அவரே 1817-இல் 'பயாக்ரஃபியா லிட்டராரியா' என்னும் பெரிய இலக்கிய ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். அத்தகைய முடக்கம் நம் நண்பர்களுக்கும் வரட்டும் என்று நாம் வாழ்த்துகிறோம்!

அமெரிக்கரான ஜோசப் மிச்சலின் கதை இதனினும் வலிமையானது. 'நியூயார்க்கர்' இதழின் சிறந்த எழுத்தாளருள் ஒருவரான அவர், 1964-இல் ஒரு நெடுங்கட்டுரையை வெளியிட்டபின் 1996-இல் இறக்கும் வரை அவ்விதழில் புதிதாக ஒன்றும் வெளியிடவில்லை. ஆயினும் நாள்தோறும் அலுவலகம் வந்து தம் அறையில் அமர்ந்துவிட்டுப் போவார். முப்பத்திரண்டு ஆண்டுகள்! இதைப் படித்து நகைக்க நம்மால் இயலாது. இங்கே சோம்பல் இல்லை, பாசாங்கும் இல்லை.

ஆகவே, எழுத்தாளர் வாழ்வில் மௌனம் வருவது உண்மை என்பதை நாம் தயங்காது ஒப்புக்கொள்கிறோம். நாம் மறுப்பது அதற்குச் சூட்டிய ஒற்றைப் பெயரைத்தான். 'வயிற்றுவலி' என்று வந்தவனை மருத்துவர் அப்பெயரோடு திருப்பி அனுப்புவதில்லை. குடலா, ஈரலா, நேற்றைய விருந்தா என்று வினவுகிறார். எழுத்து முடக்கம் என்பது தனி நோயன்று. வெவ்வேறு துன்பங்களையும், அவற்றோடு சில சாக்குகளையும் சேர்த்து ஒரே சாக்கில் கட்டிய மூட்டை அது. மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் வெளிவருவது நேரமின்மை. அமெரிக்க எழுத்தாளரான டில்லி ஓல்சன் என்னும் அம்மையார், நான்கு பெண்மக்களை வளர்த்துக்கொண்டு, கூலி வேலைகளும் செய்து வந்தவர். அவருடைய முதற் கதைநூல் வெளிவந்தது 1961-இல். அப்பொழுது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. 1978-இல் அவர் வெளியிட்ட 'மௌனங்கள்' என்னும் நூல், வறுமையும் உழைப்பும் குழந்தை வளர்ப்பும் எத்தனை எழுத்தாளரின் வாயை அடைத்தன என்பதை ஆராய்கிறது. நம்மவரிடையே நிலை என்ன? ஓர் ஆடவர் எழுதாதிருந்தால் அவருக்கு எழுத்து முடக்கம் என்கிறோம். ஒரு பெண் திருமணத்திற்குப்பின் எழுதுவதை நிறுத்திவிட்டால், அவருக்கு எந்த நோய்ப் பெயரும் கிடைப்பதில்லை. "குடும்பத்தைக் கவனிக்கிறார்" என்று சொல்லி, அவரிடமே இன்னொரு தேநீர் கேட்கிறோம். இம்மௌனத்திற்கு மருந்து உளநூலில் இல்லை. வீட்டு வேலையைப் பங்கிட்டு, அவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும் தாழிட ஓர் அறையும் தருவதே மருந்து.

இரண்டாவது அச்சம். முதல் நூலால் பெற்ற புகழ் குறைந்துவிடுமோ என்பது ஓர் அச்சம். சங்கத் தலைவர் முகஞ்சுளிப்பாரோ, பரிசுக் குழுவினர் பகைப்பாரோ என்பது மற்றோர் அச்சம். மெய்யான தடைகளைக் கண்டவர்கள் நம் மொழியிலேயே உண்டு. பாரதியாரின் தேசியப் பாடல் நூல்களை 1928-இல் பர்மா அரசும், அதனைத் தொடர்ந்து சென்னை அரசும் பறிமுதல் செய்தன. அவர் வாழ்ந்த நாளிலோ, புதுச்சேரியில் பத்தாண்டுக் காலம் ஒற்றர் சூழ இருந்து எழுதினார். காவற்படையைக் கண்டு எழுத்து நிற்கவில்லை. நமக்கோ முகஞ்சுளிப்பைக் கண்டதும் நின்றுவிடுகிறது. அஞ்சுகிறோம் என்று ஒப்புக்கொள்வோமாயின் அச்சத்தோடு போராடலாம். அதற்கு நோய்ப்பெயர் சூட்டிவிட்டால் போராட்டத்திற்கே இடமில்லை.

மூன்றாவது, சொல்வதற்குச் சரக்கில்லாமை. கிணறு வற்றினால் வாளியைக் குறை கூறிப் பயன் என்ன? படிக்காமலும், மனிதரை நெருங்கிக் கேளாமலும், ஊர்களைக் காணாமலும், தன் அறைக்குள் தன்னையே சுற்றி வருபவனுக்குச் சில காலத்தில் பொருள் தீர்ந்துபோவது இயற்கை. அவன் செய்யத்தக்கது மேசையை விட்டு எழுந்து வெளியே நடப்பது.

நான்காவதே மெய்யான நோய். உள்ளத்தை அழுத்தும் கடுஞ்சோர்வு உண்டு. மூளை நரம்புகளைப் பற்றும் பிணிகளும் உண்டு. உண்ணவும் உறங்கவும் மனமின்றி, வாழ்வே சுமையாகத் தோன்றுபவரை நோக்கி, "உட்கார்ந்து எழுது" என்று அதட்டுவது கொடுமை. அவர் மருத்துவரிடம் போகட்டும். போவதில் நாணத்திற்கு இடமில்லை. ஆனால் அங்கே மருந்து சோர்வுக்கே அன்றி எழுத்துக்கன்று. சோம்பேறிகள் எல்லாரும் நோயாளி வேடம் பூண்டால், மெய்யான நோயாளியின் முனகல் எவர் காதிலும் விழாது போகும். அதனாலும் இவ்வேடத்தை நாம் வெறுக்கிறோம்.

இந்நான்கையும் நீக்கியபின் மூட்டையில் எஞ்சுவது சாக்கு ஒன்றே. அதற்கு மருந்து வழக்கம். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிரலோப் அஞ்சல் துறையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பல நாவல்கள் எழுதினார். அவர் எழுதிய நாவல்கள் மொத்தம் 47. விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். தம்மை எழுப்பிக் காப்பி தருவதற்கென்றே வேலையாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் மிகையாகக் கொடுத்தார். கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று அளந்து எழுதினார். இவ்வுண்மைகளை அவருடைய தன்வரலாறு 1883-இல் வெளியிட்டபோது, வாசகர் பலர் அவரை மதிப்பதைக் குறைத்துக்கொண்டனர். கடிகாரம் பார்த்து எழுதுபவன் கலைஞனாக மாட்டான் என்பது அவர்கள் எண்ணம். மூடநம்பிக்கை எல்லா நாட்டிலும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

அயல்நாட்டானைக் காட்டுவானேன் என்பார்க்கு நம் பெரியவர் ஒருவரையே காட்டுவோம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940-இல், எண்பத்தைந்தை எட்டும் வயதில், 'ஆனந்த விகட'னில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். வாழ்நாள் முழுதும் ஊர் ஊராகச் சென்று ஏடு தேடியவர்க்குச் சரக்குக்குப் பஞ்சம் ஏது? வாரந்தோறும் வெளிவந்த அந்நூல் முற்றுப்பெறவில்லை. 1942-இல் அவர் மறைந்தார், அதனால் நின்றது. இத்தகைய தடையை எவர் குறை கூற முடியும்?

"எழுது எழுது என்றால் குப்பைதானே பெருகும்?" என்று சிலர் கேட்பர். பெருகட்டும்! குப்பையை எழுதியவனே கிழிக்கலாம், திருத்தலாம். எழுதாத வெண்தாளைத் திருத்தும் வித்தையை எவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இம்மண்ணின் வரலாறும் இதனையே சொல்கிறது. 1950-இல் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' 'கதை வகுப்பு' என்றொரு பகுதியைத் தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். கதை எழுதுதல் பாடமாகக் கற்பிக்கத்தக்க தொழில், பயின்றால் வரும், என்னும் துணிபின்மேல் எழுந்த முயற்சி அது. அருளுக்குக் காத்திருங்கள் என்று அவ்வகுப்பு சொல்லவில்லை. எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிற்று. அந்நாளேடு 2019-இல் நின்றுவிட்டது. அது தந்த பாடமும் அதனோடு நின்றுவிட வேண்டுமா?

இத்தனை கடுமையாக நாம் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1942-லும் 1943-லும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 415 கிலோமீட்டர் இரயில்பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். அதே பாதையில் உழன்ற வெள்ளையர் போர்க்கைதிகள் திரும்பிச் சென்று நூல் நூலாக எழுதினர். அவர்கள் பட்ட பாடு உலகறிந்தது. நம்மவர் பட்ட பாட்டைச் சொல்லும் நாவல்களும் நினைவுக் குறிப்புகளும் சிலவே. அங்கே மண் சுமந்தவர் பலர் கையெழுத்திடவும் கற்பிக்கப்படாதவர். அவர்கள் எழுதாததற்கு எவரும் அவர்களைக் குறை கூறார். எழுதக் கற்ற நாம் அவர்கள் அருகில் அமர்ந்து கேட்டிருக்க வேண்டும். அன்று இருபது வயது இளைஞராய் இருந்தவர், இன்று இருப்பாராயின் நூறைக் கடந்திருப்பார். நாம் மனநிலைக்காகக் காத்திருந்தோம். மரணம் நமக்காகக் காத்திருக்கவில்லை. இன்று எஞ்சியிருப்போர் அவர்தம் மக்கள், அவர்களும் முதியவர்களே.

இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. "அடுத்த மாதம் போய்க் கேட்டு எழுதலாம்" என்று நாமே தள்ளிவைத்த பெரியவர் ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்கள் நாம். அன்று நமக்கும் முடக்கம் என்றே பெயர் சொல்லிக்கொண்டோம். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் அப்பெயர் எத்தனை பொய் என்பது விளங்கிற்று.

ஆகவே, எழுத்தாளத் தோழர்களே! எழுத வரவில்லையெனில், ஏன் வரவில்லை என்று உங்களையே கேளுங்கள். நேரமில்லையெனில் நேரத்திற்குப் போராடுங்கள். அச்சமெனில் அதன் பெயரைச் சொல்லுங்கள். சரக்கில்லையெனில் தேடிப் புறப்படுங்கள். நோயெனில் மருத்துவரைக் காணுங்கள். நான்கும் இல்லையெனில், நாளை விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ஒரு பக்கம் எழுதுங்கள். அது நன்றாக வராவிட்டால் மறுநாள் திருத்துங்கள். உங்கள் தெருவில், சாய்வு நாற்காலியில், சொல்வதற்கு ஆயிரம் வைத்துக்கொண்டு கேட்பாரின்றி ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறார். முதற்பக்கத்தை அவரிடமிருந்து தொடங்குங்கள்.