போர் முடிஞ்சாச்சு, வீடும் கிடைச்சாச்சு... நத்தம் சாலை இலங்கைத் தமிழர்களுக்கு குடியுரிமை ஏன் இல்லை?

1983 ஜூலைக் கலவரத்தோடு மூண்டது இலங்கை உள்நாட்டுப் போர். 2002 போர்நிறுத்தத்தின்போது நாடு நடைமுறையில் இரண்டாகவே இருந்தது. ஏ9 சாலையில் ஓமந்தை ராணுவச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் புலிகளின் பகுதி. 2009 மே மாதம் போர் முடிந்தது.

தப்பி வந்தவர்களில் சிலர் திண்டுக்கல் - நத்தம் சாலையிலுள்ள கோபால்பட்டி உள்ளிட்ட முகாம்களில் தங்கினர். 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் இவர்களுக்காக 321 வீடுகளை முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். குடியுரிமை?

அங்கேதான் சிக்கல். 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2019 திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானுக்கு மட்டும்தான். லிஸ்ட்டில் இலங்கை இல்லை.

அதனால், அகதிப் பெற்றோருக்கு முகாமில் பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்த 30 வயதுக்காரரும் சட்டப்படி வெளிநாட்டவர்தான். ஓட்டு கிடையாது, இந்தியப் பாஸ்போர்ட்டும் கிடையாது.