ஆன் ஆகலையா? பதறாதீங்க பாஸ்!

ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கி, அப்பா கொடுத்த காசுல ஒவ்வொரு பார்ட்டா வாங்கியாச்சு. ராத்திரி முழுக்கக் கண் முழிச்சு சொந்தக் கையால அசெம்பிள் பண்ணியாச்சு. ரூம்மேட்ஸ் சுத்தி நிக்க, சாமியைக் கும்பிட்டு பவர் பட்டனை அமுக்கறீங்க...

ம்ஹூம். ஒண்ணும் நடக்கலை!

நம்மாளுங்க பெரிய தப்பு பண்றது இங்கேதான். ‘மதர்போர்டு அவுட்டு’ன்னு தீர்ப்பு எழுதிட்டு, எல்லாத்தையும் பிடுங்கித் திரும்ப மாட்டுவாங்க. அந்த அவசரத்துல சாக்கெட்டுல இருக்கிற மெல்லிசான பின் ஒண்ணு வளைஞ்சா போதும், வாரன்ட்டி கேட்டுப் போனா கடைக்காரர் கையை விரிச்சிடுவார். நல்லா இருந்த போர்டைக் கெடுத்த புண்ணியம் நமக்கு!

அதனால முதல்ல ஒரே ஒரு கேள்வி: ஃபேன் சுத்துதா, இல்லையா?

சுத்தலைன்னா, கோளாறு கரன்ட் வர்ற வழியில. எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் ஆன், வட்டம் போட்ட பக்கம் ஆஃப். சிரிக்காதீங்க, பல பேர் கோட்டை விடறது இதுலதான். அடுத்து, 24 பின் கேபிள் ‘க்ளிக்’னு உட்கார்ந்திருக்கான்னு பாருங்க. அப்புறம் கேபினட் பட்டன்ல இருந்து வர்ற சின்ன வயர். அது எந்த ரெண்டு பின்னுல போகணும்னு மேனுவல்ல படமே இருக்கும். பட்டன் வயரைத் திருப்பி மாட்டினாலும் பரவாயில்லை, எல்.இ.டி. வயருக்குத்தான் பிளஸ், மைனஸ் முக்கியம்.

ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் இருட்டா? மானிட்டர் கேபிளைப் பாருங்க. கிராபிக்ஸ் கார்டு போட்டுட்டு, கேபிளை மதர்போர்டுல சொருகியிருப்பீங்க! இன்டெல் பிராசஸர் பேர்ல கடைசி எழுத்து ‘எஃப்’னா, அதுக்குள்ளே கிராபிக்ஸே கிடையாது. கார்டு இல்லாம படம் வராது.

அடுத்து, பிராசஸர் பக்கத்துல தனியா 8 பின் கேபிள் ஒண்ணு மாட்டணும். அதை மறந்தா, ஃபேன் சுத்தும், சிஸ்டம் எழாது. மூணாவது, ரேம். கழட்டி, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும் மேனுவல் சொல்ற ஸ்லாட்ல அழுத்தி மாட்டிப் பாருங்க. டி.டி.ஆர்.5 ரேம்னா, முதல் தடவை ஆன் ஆக சில நிமிஷம்கூட ஆகலாம். ரேமை அது பழகிக்கற நேரம் அது. பொறுமை இல்லாம ஆஃப் பண்ணிடாதீங்க!

நிறைய போர்டுல சி.பி.யு., டிரேம், வி.ஜி.ஏ., பூட்னு நாலு குட்டி லைட் இருக்கு. எது எரிஞ்சபடியே நிக்குதோ, பிரச்னை பெரும்பாலும் அங்கேதான். சி.பி.யு. லைட்டுன்னா பயாஸையும் சந்தேகப்படுங்க. 2018-ல வந்த பி450 போர்டுல 2020-ல வந்த ரைசன் 5000 பிராசஸரைப் போட்டா, பயாஸ் அப்டேட் இல்லாம எழுந்திருக்காது. பிராசஸர்மேல தப்பே இல்லை!

எதுக்கும் மசியலையா? போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேலேயே வைங்க. பிராசஸர், கூலர், ஒரு ரேம், எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போதும். பிராசஸர்ல கிராபிக்ஸ் இல்லைன்னா கார்டும். இப்போ ஓடுதுன்னா, குற்றவாளி கேபினட் பக்கம். போர்டுக்கு அடியில தேவையில்லாத இடத்துல ஒரு ஸ்டாண்டாஃப் ஸ்குரு முட்டி, ஷார்ட் ஆகியிருக்கலாம். அப்புறம் ஒவ்வொண்ணா மாட்டி, ஒவ்வொரு தடவையும் ஆன் பண்ணிப் பாருங்க. ஒரே நேரத்துல ரெண்டை மாத்தினா, எது சரி பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியாது.

ரெண்டு எச்சரிக்கை. உள்ளே கை வைக்கறதுக்கு முன்னாடி பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினட் இரும்பை ஒரு தடவை தொட்டுக்கோங்க. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பிரிக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே ஷாக் அடிக்கற அளவுக்குக் கரன்ட் தேங்கி நிக்கும்.

அப்பவும் ஓடலைன்னா, தைரியமா கடைக்குப் போங்க. ‘ஆன் ஆகலைண்ணே’ன்னு தலையைச் சொறியாம, ‘ரேம் மாத்திப் பார்த்தேன், டிரேம் லைட் அப்படியே எரியுது’ன்னு சொல்லிப் பாருங்க. அண்ணன் உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்.

மேனுவலைத் தூக்கிப் போட்டுடலையே? அதை எடுத்துட்டு உட்காருங்க. ஆல் தி பெஸ்ட்!