தலையாட்டிவிட்டு வந்தவர்கள்

"ரீனல் ஃபுட்தானே குடுக்கறீங்க? வேற எதுவும் குடுக்கலையே?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல டாக்டர்" என்றேன். ஸ்டீல் மேஜைமேல் நின்றிருந்த ஜிம்மியின் மீசையில், காலையில் தின்ற கோழி ஈரலின் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டுவதற்குள் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

ஜிம்மி 11 வயது நாட்டு நாய். சிறுநீரகம் கெட்டிருப்பதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையில் 3.4 என்று வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் அரசாங்கமும் ஓர் எதிர்க்கட்சியும் உருவாகியிருந்தன. அரசாங்கம், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. எதிர்க்கட்சி, சமையலறை. சீட்டில் இருந்த விலை உயர்ந்த உலர் உணவை ஜிம்மி மோந்து பார்த்துவிட்டுத் தட்டை மூக்கால் சுவரோரம் தள்ளிவிடும். இரண்டு நாள் பட்டினி பார்த்த பிறகு யாருடைய கையோ ஈரலை வேகவைத்தது. அந்தக் கை யாருடையது என்று வீட்டில் இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த மாதப் பரிசோதனையில் பாஸ்பரஸ் 6.8. நோய் இருக்கும் கட்டத்துக்கு அது 5-க்குக் கீழே இருந்தாக வேண்டும். டாக்டர் ரிப்போர்ட்டையே சிறிது நேரம் பார்த்தார். 'இந்த உணவு கொடுத்தும் இறங்கவில்லை என்றால் நோய் வேகமாகப் போகிறது' என்று முடிவு செய்து, பாஸ்பரஸைக் கட்டும் மருந்தின் அளவைக் கூட்டினார். அவர் கணக்கில் பிழை இல்லை. கணக்குக்கு நான் கொடுத்த எண்தான் பொய்.

மருத்துவரோடு கருத்து வேறுபடுவது தவறா சரியா என்று நாம் அதிகம் பேசிவிட்டோம். நாய் வளர்ப்பவர்களிடம் நான் காணும் சிக்கல் வேறு. நாம் வேறுபடுகிறோம், ஆனால் அதைச் சொல்வதில்லை. அறைக்குள் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மாத்திரையைப் பாதியாக்குகிறோம், நிறுத்துகிறோம், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சூரணத்தைச் சேர்க்கிறோம். சொல்லாத மறுப்பு எங்கும் போய்விடுவதில்லை. அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஓர் எண்ணாக வந்து நிற்கிறது. டாக்டர் அந்த எண்ணுக்கு மருந்து எழுதுகிறார்.

பார்வோ வந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது இந்தத் தொல்லை கிடையாது. நான்கைந்து நாள் ட்ரிப், ஊசி. பிழைக்கும் அல்லது போய்விடும். சிகிச்சை முழுவதும் மருத்துவர் கையில். நாள்பட்ட நோய் அப்படி அல்ல. சிறுநீரகம், சர்க்கரை, வலிப்பு, மூட்டு, தீராத அரிப்பு ஆகிய எல்லாவற்றிலும் டாக்டர் மாதத்துக்குப் பதினைந்து நிமிடம் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் சிகிச்சை செய்வது வீடுதான். யார் மாத்திரையை இட்லிக்குள் பொதிந்து வைக்கிறார், யார் அது துப்பியதைப் பார்க்காத மாதிரி போகிறார் என்பதெல்லாம் சிகிச்சையின் பகுதி.

நம் ஊரின் மருத்துவ ஏற்பாடு இதற்காக உருவானதும் அல்ல. 'கால்நடை' என்ற சொல்லே சொல்லிவிடும். 1903-இல் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய காலத்தில் முக்கியமாக இருந்தவை மாடும் குதிரையும். கிராமத்து மருந்தகங்கள் இன்றும் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டுக்குத் தீராத நோய் என்றால் வைத்தியத்துக்கும் மாட்டுக்கும் இடையே ஒரு விலை நிற்கும். அந்த விலை வாதத்தை முடித்துவைக்கும். நாய்க்கு அப்படி ஒரு விலை இல்லை. ஆகவே வாதமும் முடிவதில்லை, அல்லது தொடங்குவதே இல்லை.

சிறுநீரக நோயின் கொடுமை அது தாமதமாகத் தெரிவது. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியாட்டினின் வழக்கமான எல்லையைத் தாண்டும் என்பது பழைய பாடம். சர்வதேச சிறுநீரக ஆர்வலர் சங்கமான ஐரிஸ், நாய்களின் நோயை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. கிரியாட்டினின் 2.9 முதல் 5.0 வரை மூன்றாம் நிலை. இழந்ததை மீட்க மருந்து கிடையாது; மிச்சத்தைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். நம் ஊர் நாய்களுக்குச் சிறுநீரகம் கெட வழிகள் ஏராளம். உண்ணிக் காய்ச்சல் நாள்பட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கெடுக்கும். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் லெப்டோ வரும். பிறகு, வீட்டுப் பெரியவர் தன் முட்டிவலிக்கு வாங்கிய மாத்திரையில் பாதியை நொண்டும் நாய்க்குக் கொடுப்பது. பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற டைக்ளோஃபினாக்கை 2006-இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து இந்தியா விலக்கியது. ஆனால் அது மனிதர்களின் மருந்துக் கடையிலும் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. நாய்க்கும் அது ஆகாது. "வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?" என்ற கேள்விக்கும் நம் பதில் அதே "இல்ல டாக்டர்".

சீட்டில் இருந்த உணவைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அதன் தொடக்கமே ஒரு சிறுநீரக நோயாளி நாயிடம்தான். மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற அமெரிக்கருடைய வழிகாட்டி நாய் பட்டி. 1939-இல் மார்க் மாரிஸ் என்ற கால்நடை மருத்துவர் பட்டிக்காக உணவை மாற்றிச் சமைத்தார். அவரும் மனைவியும் வீட்டில் செய்து கண்ணாடி ஜாடிகளில் அடைத்து அனுப்பியது, 1948-இல் கம்பெனி தயாரிப்பாக மாறியது. ஆக, இன்று பையில் வரும் அந்த மருத்துவ உணவும் ஒரு சமையலறையிலிருந்து வந்ததுதான். 2002-இல் வெளியான மினசோட்டா ஆய்வு ஒன்றில், நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்த 38 நாய்களில் இத்தகைய உணவு தின்றவை, சாதாரண உணவு தின்றவற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு காலம் உயிரோடு இருந்தன. நாய் மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான சான்று எளிதில் கிடைக்காது. டாக்டர் அதை வற்புறுத்தியதில் அவர் பக்கம் முழு நியாயம் இருந்தது.

ஆனால் அது தின்ற நாய்களின் கணக்கு. எங்கள் வீட்டு நாய் தின்னவில்லை. காரணம் பிறகு புரிந்தது. ஜிம்மி வாந்தி எடுத்துக்கொண்டிருந்த வாரத்திலேயே புது உணவைத் தொடங்கியிருந்தோம். குமட்டலோடு மூக்கில் ஏறிய வாசனையை நாய் மறப்பதில்லை. காய்ச்சலில் குடித்த பானம் ஆயுளுக்கும் பிடிக்காமல் போன அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு, இல்லையா? முதலில் வாந்தியை அடக்க வேண்டும், பசி திரும்ப வேண்டும், அதன் பிறகு வழக்கமான சோற்றில் புது உணவை ஒரு பிடி, இரண்டு பிடி என்று ஒன்றிரண்டு வாரத்தில் கலந்து மாற்ற வேண்டும். இதை டாக்டர் அறியாதவர் அல்ல. "தின்ன மாட்டேங்குது" என்று நான் சொல்லியிருந்தால் அன்றே சொல்லியிருப்பார்.

என் பிழை இன்னொன்றும் உண்டு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாஸ்பரஸைக் கட்டும் மருந்தை நான் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்துக்கொண்டிருந்தேன். வயிற்று மருந்து என்றால் சாப்பாட்டுக்கு முன் என்பது நம் வளர்ப்பு. அந்த மருந்தோ வயிற்றுக்கானது அல்ல. சோற்றில் உள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு வெளியே போவதுதான் அதன் வேலை. சோறில்லாமல் உள்ளே போனால் பிடிக்க எதுவும் இல்லை, சும்மா போய்விடும். அளவைக் கூட்டிய பிறகும் நான் அதே வெறும் வயிற்றில்தான் கொடுத்தேன். ஒரு பக்கம் பாஸ்பரஸ் நிறைந்த ஈரல், மறுபக்கம் வேலையற்ற மருந்து, நடுவில் "நோய் வேகமாகப் போகிறது" என்று கவலைப்படும் டாக்டர்.

மூன்றாவது மாதம் கிரியாட்டினின் 2.9-க்கு இறங்கியது. "நல்ல முன்னேற்றம்" என்றார். எனக்கு ஒட்டவில்லை. குளிப்பாட்டும்போது ஜிம்மியின் முதுகெலும்பு கைக்கு ஒவ்வொரு கணுவாகத் தட்டுப்பட்டது. பின்னங்கால் சதை வற்றியிருந்தது. 18 கிலோ இருந்தது 15.5 ஆகியிருந்தது. அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தேன். "டாக்டர், எடை குறைஞ்சிருக்கே, இது நல்லதா?"

அவர் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தார். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை வற்றினால் சிறுநீரகம் தேறாமலேயே அந்த எண் இறங்கும். தசையைச் சாராத எஸ்.டி.எம்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பினார். அது இறங்கவில்லை. "நீங்க கேட்டது நல்லதாப் போச்சு" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான். ஈரல் விவகாரத்தையும் வெறும் வயிற்று மருந்தையும் அன்றே கக்கிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். "பத்து பேர்ல ஏழு பேர் இதான் பண்றாங்க. மீதி மூணு பேர் சொல்றதில்ல."

மருத்துவர்கள் பக்கம் ஒரு சொல். எழுதிக் கொடுத்துவிட்டு ஊசி போடாமல் அனுப்பினால் "ஒண்ணுமே பண்ணல" என்று வேறு கிளினிக் போகிறவர்கள் நாம். வாட்ஸப்பில் வந்த ஒரு பத்தியை நீட்டி "இது குடுக்கலாமா?" என்று கேட்போம், வேண்டாம் என்றாலும் கொடுப்போம். வெளியே பெஞ்சில் இன்னும் எட்டு பேர் காத்திருக்க, ஒருவரிடம் உணவைப் பற்றி அரைமணி பேச அவருக்கு யாரும் காசு தருவதில்லை.

இருந்தும் ஒன்றை மட்டும் அவர்கள் மாற்றலாம், செலவில்லாமல். "மருந்து குடுக்கறீங்கதானே?" என்ற கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. அந்த 'தானே'க்கு எதிராகப் பேச நம் வளர்ப்பில் இடம் இல்லை. "இந்த வாரம் எத்தனை வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டால் ஆள் சொல்லிவிடுவார், ஏனென்றால் விட்டுப்போவது சகஜம் என்று கேள்வியே ஒப்புக்கொள்கிறது. பணத்தையும் அப்படிக் கேட்கலாம். மாதம் எவ்வளவு முடியும் என்று முதல் நாளே தெரிந்தால், கட்டுப்படியாகாத பையை எழுதிவிட்டு ஏமாறுவதைவிட, வீட்டுச் சமையலில் முட்டை வெள்ளைக்கரு, சோறு என்று பாஸ்பரஸ் குறைந்த வழியைக் கணக்காக எழுதித் தரலாம். அது கம்பெனி உணவுக்கு ஈடாகாது. ஆனால் நாயின் வயிற்றுக்குள் போகும்.

வளர்ப்பவர் பக்கத்தில், வேறு டாக்டரிடம் போவது துரோகம் என்ற எண்ணம் போக வேண்டும். திருட்டுத்தனமாகப் போவதுதான் கெடுதல். பழைய ரிப்போர்ட்டை மறைத்துவிட்டு மூன்று இடத்தில் காட்டினால் மூவரும் முதல் நாளிலிருந்து தொடங்குவார்கள். ஒரே மாத்திரை இரண்டு பெயரில் வீட்டுக்கு வரும். ரிப்போர்ட் ஃபைலை எடுத்துக்கொண்டு, "இன்னார்கிட்டயும் காட்டறோம்" என்று சொல்லிப் போனால், நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். கோபிப்பவரை மாற்றுவதில் தப்பில்லை.

எங்களுக்குள் நடந்த மிகப் பெரிய வாதம் ட்ரிப் பற்றியது. ஒவ்வொரு முறை ஜிம்மி துவளும்போதும் ஐந்து நாள் கிளினிக்கில் வைத்து நரம்பில் ஏற்ற வேண்டும் என்பார். கூண்டுக்குள் ஜிம்மி தண்ணீர்கூடத் தொடாது, நடுங்கிக்கொண்டே படுத்திருக்கும். இந்த முறை சொல்லிவிட்டேன், முடியாது என்று. அவர் யோசித்து, தோலுக்கடியில் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். தோளுக்கு நடுவே தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகுவது. ஆர்.எல். ட்ரிப் பாட்டில் ஜன்னல் கம்பியில் தொங்கும். ஏறிய தண்ணீர் கழுத்தோரம் ஒரு பொதியாகத் தொங்கி மாலைக்குள் வற்றும். முதல் வாரம் என் கைதான் நாயைவிட அதிகம் நடுங்கியது. அவர் கேட்ட ஒரே நிபந்தனை ஒரு நோட்டு. தின்றது, குடித்தது, வாந்தி, நடை, கொடுத்த மருந்து, விட்ட மருந்து என எல்லாமே அதில் ஏற வேண்டும். நாற்பது பக்க நோட்டு. எட்டு மாதம் ஓடியது.

கடைசி வாரத்தில் மறுபடி வேறுபட்டோம், இந்த முறை தலைகீழாக. போதும், ஊசி போட்டுவிடலாம் என்றார் அவர். நான் இன்னும் ஒரு வாரம் கேட்டேன். நேற்றுகூட வாலை ஆட்டியது என்றேன். அவர் வாதாடவில்லை. நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்க கையெழுத்துதான். படிங்க."

கடைசி இரண்டு பக்கங்களில் 'தின்றது' என்ற இடத்தில் ஆறு நாளாகக் கோடு போட்டிருந்தேன்.