அந்த ‘ஆனால்’ எங்கே?

தமிழ் வினாத்தாளில் ‘குறிப்புகளைக் கொண்டு கட்டுரை எழுதுக’ என்ற வினாவைச் சந்திக்காமல் பள்ளியைத் தாண்டியவர்கள் குறைவு. முன்னுரை, முடிவுரை, நடுவே நாலைந்து தலைப்பு. எதற்குப் பின் எதைச் சொல்வது என்பதை வினாத்தாளே முடிவுசெய்து கொடுத்துவிடும். பிள்ளைக்கு மிச்சம், இட்டு நிரப்பும் வேலைதான். பிறகு, உரைநூலைப் பார்த்து எழுதிவிட்டான் என்று அவனையே குறை சொல்கிறோம். நாலு இடத்தில் படித்தும் கேட்டும் அறிந்ததை ஒன்றாக்கி எழுதும் பழக்கம் கல்லூரியில் திடீரென்று முளைக்காது. தொடக்கப் பள்ளியிலேயே விதைக்க வேண்டும்.

பனைமரத்தையே எடுத்துக்கொள்வோம். அது தமிழ்நாட்டின் மாநில மரம் என்று பொது அறிவு நூல் சொல்லும். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பது 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் வந்த அறிவிப்பு. பழைய நாளிதழில் கிடைக்கும். ஊரில் பனையேறி ஒருவர் இருந்தால், மரம் இருக்கிறது, ஏறத்தான் ஆளில்லை என்று சொல்லக்கூடும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை முதலில் இந்த மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிவைக்கும். செங்கல் இருக்கும், சாந்து இருக்காது. ஆசிரியர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “வெட்டாமல் விட்டால் மட்டும் போதுமா?” அப்போதுதான் ‘பனையை வெட்ட அனுமதி வேண்டும், ஆனால் ஏற ஆளில்லாவிட்டால் பதநீர் எப்படிக் கிடைக்கும்?’ என்ற வரி பிறக்கும். அந்த ‘ஆனால்’ மூன்று இடங்களில் எதிலும் இல்லை. அது பிள்ளையின் சொந்தச் சரக்கு.

எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். கொரோனா காலக் கற்றல் இடைவெளியை நிரப்பத் தமிழ்நாட்டில் 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே வேண்டியிருந்தது, உண்மைதான். ஆனால் பனையேறியின் பேச்சைக் கேட்க எழுத்துக்கூட்டத் தேவையில்லை; இரண்டு பேரிடம் கேட்டதை இணைத்து வாயால் சொல்வதிலிருந்தே தொடங்கலாம். வயது போதாது என்பதும் நிற்காது. அமெரிக்காவில் 2010இல் வெளியான பள்ளிக் கல்விக்கான பொதுத் தரநிலைகள், ஒரே பொருள் பற்றிய இரண்டு பனுவல்களை இணைத்து எழுதவோ பேசவோ நான்காம் வகுப்பிலேயே எதிர்பார்க்கின்றன. கனமான மறுப்பு வேறு: ஒரே மாதிரி எழுதிய முப்பது கட்டுரைகளைச் சட்டென்று திருத்திவிடலாம், முப்பது விதமாக எழுதியவற்றை அப்படித் திருத்த முடியாது. எனவே பருவத்துக்கு ஒரு கட்டுரை போதும். வினாத்தாள் தயாரிப்பவர்கள் அடுத்த முறை குறிப்புகளை எடுத்துவிட்டு, ஒன்றோடொன்று முழுதும் ஒத்துப்போகாத இரண்டு சிறு பத்திகளைக் கொடுத்துப் பார்க்கட்டும்.